அட்டைக்கு ஒரு பொங்கல்

அட்டைக்கடி வலிக்காது என்று சொல்பவர்கள் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்தவர்களாக இருக்க மாட்டார்கள். கடி வலிக்காதுதான். பிறகு அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும், மழை விடும்வரை ஆறாது. எழுபதுகளில் சூரியநெல்லிப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில் குடியிருந்தோம். என் அம்மாவின் கணுக்காலில் புண் இல்லாத இடம் குறைவு. புகையிலையும் சோப்பும் குழைத்துப் பூசிக்கொண்டு வேலைக்குப் போவாள். ரத்தம் வழிய வழியத் திரும்பி வருவாள்.

லயத்துக்குப் பின்னாலிருந்த சோலையிலிருந்துதான் அட்டை வருகிறது என்பது எங்கள் பெண்களின் தீர்மானம். "மாரியாத்தா, இந்தச் சனியன் ஒழிஞ்சா ஒனக்குப் பொங்க வைக்கேன்" என்று அம்மா நேர்ந்துகொண்டாள்.

ஆத்தா காதில் விழுந்ததோ என்னவோ, அடுத்த கோடையில் எஸ்டேட் மேனேஜர் துரை சோலையை வெட்டச் சொன்னார். தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு வேண்டுமாம். வெட்டிய இடத்தில் சீக்கிரம் வளரும் யூகலிப்டஸை நட்டார்கள். தேயிலைச் செடியைக் கழித்துவிடும் கவாத்து வேலையிலிருந்த அப்பா கையிலும் கோடாரியைக் கொடுத்தார்கள். கருமந்திகள் மரத்துக்கு மரம் தாவி, தாவ மரமில்லாத இடத்தில் உட்கார்ந்து கத்தின. லயமே நின்று வேடிக்கை பார்த்தது.

அட்டை ஒழிந்தது. அம்மாவின் கால் ஆறியது. சோலைக்குள்ளிருந்து வந்த ஓடையில் தண்ணீர் மொண்டு, அம்மன் முன்னால் பொங்கல் வைத்தாள். எல்லோரும் வந்து தின்றோம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டு, அதற்கு நெய்யும் ஊற்றிய கூட்டம் நாங்கள். நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

யூகலிப்டஸ் நெடுநெடுவென்று வளர்ந்தது. அதில் ஒரு குருவி கூடு கட்டி நான் பார்த்ததில்லை. காதைப் பிளக்கும் தவளைச் சத்தம் குறைந்துகொண்டே வந்து நின்றது. அப்புறம் ஓடையும் நின்றது. மழையில் செம்மண் குழம்பாக ஓடும்; மழை விட்டால் வெறும் பாறை. துரை பங்களாவுக்கு லாரியில் தண்ணீர் போயிற்று. அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு, இன்னும் வெட்டாத அடுத்த மலைச் சோலைக்கு நடந்தாள்.

ஒரு சாயங்காலம் தண்ணீரோடு வந்தவள் காலில் அட்டை தொங்கியது. அப்பா உப்பை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"இருங்க, அது குடிக்கட்டும்" என்றாள் அம்மா. "அது இருக்க எடத்துலதான தண்ணி இருக்கு. அந்தச் சோலையிலயாவது அட்டை இருக்கட்டும்னு ஆத்தாகிட்ட நேர்ந்துட்டு வாரேன். பொங்க வைக்கணும்."

அப்பா உப்பை மூடிய கையோடு நின்றார். நாளை முதல் அவருக்கு அந்தச் சோலையில்தான் வெட்டு என்று கங்காணி மத்தியானமே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.