அவளுக்கு வந்த போன்

மூணாங்கிளாஸோட படிப்பை விட்டவன் நான். பாறைக்காட்டில் போர் போட்டுத் தண்ணி எடுத்தேன். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் கூடை தூக்கி, அதே மார்க்கெட்டில் மண்டி வைத்தேன். மாடி வூடு கட்டினேன். எல்லாம் என் ஒருத்தன் உழைப்பு. இப்போது உடம்பு ஓய்ந்து கிடக்கிறது.

போன மாதம் என் வீட்டுக்காரிக்கு சுகர் பார்க்க ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கியிருந்தேன். அங்கே முந்தின நாளே நர்ஸ் போன் செய்து உடம்பு விவரமெல்லாம் கேட்டுக்கொள்வார்கள். எங்கள் வூட்டில் போன் என் சட்டைப் பையில்தான் இருக்கும். அவளுக்கு வரும் போனுக்கும் நான்தான் பேசுவேன்.

"அம்மாவுக்கு மூச்சு வாங்குதுங்களா?" என்றாள் நர்ஸ்.

"அதெல்லாம் இல்லம்மா."

"கால் வீக்கம்?"

"இல்ல."

"ஐயா, உடம்பு அவங்களுது. அவங்ககிட்டயே கொடுங்க."

வாதாட அலுப்பாக இருந்தது. ஸ்பீக்கரைப் போட்டு அவளிடம் நீட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பேசினாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். பல மாதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குகிறாளாம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவன் நான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அந்தப் புள்ள கேட்டுச்சு, சொன்னேன். நீங்க எப்ப கேட்டீங்க?"

நாளை வரை காத்திருக்க வேண்டாம், உடனே கூட்டி வாங்க என்றாள் நர்ஸ். அன்றைக்கே கூட்டிப் போனேன். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இப்போது மாத்திரை சாப்பிட்டு, படுத்துத் தூங்குகிறாள். நான்தான் விழித்துக்கொண்டு அவள் மூச்சைக் கேட்டுக் கிடக்கிறேன்.

நர்ஸ் கேட்டதால்தான் பிழைத்தேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சரிதான். ஆனால் போனை அவள் கையில் கொடுத்தவன் நான். அதையும் அவள் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும்.