பீரோக் கதவில் ஒரு காது

வேலையிலிருந்து வந்ததும் என் மகள் முதலில் செய்வது, காதுக்குப் பின்னாலிருக்கும் கருவியைக் கழற்றுவதுதான். தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் அதன் சிறு வட்டத்தை எடுத்து இரும்புப் பீரோவின் கதவில் ஒட்டவைப்பாள். டக் என்று ஒரு சத்தம். அது எனக்கு மட்டும் கேட்கும். அதற்குப் பிறகு காலை வரை இந்த எடமலைப்பட்டி புதூர் வீட்டில் என் குரல் யாருக்கும் கேட்காது.

பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது அவளும் என் மனைவியும் கைகளாலேயே பேசிக்கொள்வார்கள். தாங்களே உண்டாக்கிக்கொண்ட பேச்சு. உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்தால், பள்ளிகொண்ட பெருமாள் இருக்கும் ஸ்ரீரங்கம். மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டு முகத்தை உர்ரென்று வைத்தால் நான். "உங்க பேரு இதாங்க" என்று மனைவி செய்து காட்ட, குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்கு அது அவமானமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்களே என்று ஜன்னல் திரையை இழுத்துவிடுவேன்.

பன்னிரண்டு வயதில்தான் அவளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தோம். தானாகப் பேச்சு வந்துவிடும் என்று அதுவரை ஆண்டுகளைக் கடத்தியவன் நான்தான். "ரொம்ப லேட் சார். சத்தம் கேக்கும். பேச்சு புரியும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர். வீட்டில் நிறையப் பேசுங்கள் என்றார் பயிற்சி கொடுத்த பெண். கைகளை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. அந்தச் சட்டம் என்னுடையது. மகளின் கை எழுந்தால் பிடித்து மடியில் அழுத்துவேன். "வாயால சொல்லு." மனைவிக்கும் அதே உத்தரவு.

"காதுக்கு வைத்தியம் பாருங்க, வேணாங்கல. எங்க கையை ஏன் கட்டுறீங்க?" என்று கேட்டாள்.

"அப்பான்னு ஒரு தடவை கூப்பிடட்டும். அப்புறம் பாக்கலாம்."

மகளுக்கு மிக்ஸி கேட்டது, பஸ் ஹாரன் கேட்டது. பேச்சு வெறும் இரைச்சலாகவே நின்றுவிட்டது. இன்றும் ரோட்டில் வண்டிச் சத்தத்துக்காகத்தான் கருவியை மாட்டிக்கொண்டு போகிறாள். அம்மாவும் மகளும் நாளடைவில் ஒருவரையொருவர் பார்ப்பதையே குறைத்துக்கொண்டார்கள்.

பிறகு மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளைப் பார்த்தபடி, அசைந்த ஒரே கையைக் கன்னத்தருகே கொண்டுபோனாள். ஸ்ரீரங்கம். கூட்டிக்கொண்டு போ என்றாளா, இருவரும் அங்கே போன சனிக்கிழமைகளைச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. மகளுக்குத் தெரிந்திருக்கும். அவள் கை எழுந்தது. உடனே என்னைப் பார்த்தாள். எழுந்த கையை அவளே மடியில் அழுத்திக்கொண்டாள். நான் தலையையாவது அசைத்திருக்கலாம். அசைக்கவில்லை. மறுநாள் மனைவி போய்விட்டாள்.

நேற்று மாலை, டக் என்ற சத்தம் கேட்டதும் மகளுக்கு எதிரே போய் நின்றேன். உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, கோபமே இல்லாமல், மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு உள்ளே போனாள். பீரோக் கதவில் அந்த வட்டம் ஒட்டியிருந்தது. அதன் அருகே குனிந்து அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன்.