ஹெத்திக்கு ஒரு வாய் தண்ணீர்

பிரமிடுகள் எழுந்த காலத்து மெம்பிஸில் கல் சாடி குடைவதில் தெந்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை. வஞ்சம் வைப்பதிலும் அப்படித்தான். பதினோரு வருடம் ஒரே வஞ்சத்தை அடைகாத்தான்.

அவன் தம்பி ஹெத்தி பாலைவனக் கல்குவாரியில் செத்தவன். பாறையைச் சறுக்குக் கட்டையில் ஏற்றி இழுக்கும்போது, முன்னால் மணலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் கட்டை நகராது. ஹெத்தி நாக்கு வறண்டு விழுந்தபோதும் மேற்பார்வையாளன் காஹெப் குடத்தை மணலுக்குத்தான் கொடுத்தான்.

"கல்லு நின்னா எனக்கு உதை விழும். ஆளு விழுந்தா வேற ஆளு வருவான்," என்றானாம்.

தம்பியை அங்கேயே மணலில் தள்ளி மூடினார்கள். கல்லில் வெட்டிய பெயர் நனைந்தால்தான் செத்தவன் தொண்டை நனையும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஹெத்திக்குப் பெயர் வெட்ட ஒரு கல்லும் இல்லை. மறுவுலகத்திலும் தாகத்தோடு கிடப்பானே என்று நினைத்தால் தெந்திக்கு ரொட்டி இறங்காது.

அந்தக் காஹெப்பே ஒருநாள் பட்டறைக்கு வந்தான். தன் கல்லறையில் பூசாரி தினமும் நீர் வார்க்கச் சாடி வேண்டுமாம். கல்லும் கொண்டுவந்திருந்தான். ஹெத்தி இழுத்த அதே பாறையில் ஒரு துண்டு.

"என் பேரைச் சாடியோட வயித்துப் பக்கம் பெருசா வெட்டுடா. வர்றவன் போறவன் பாக்கணும்."

நீர் வழியும் விளிம்பில் வெட்டுவதுதான் வழக்கம். தெந்தி அதைச் சொல்லியிருக்கலாம்.

"வெட்டிட்டாப் போச்சுங்க ஐயா," என்றான்.

இரண்டு வாத்து கொடுத்து, தம்பி பெயரை எழுத்தனிடம் ஓட்டுச்சில்லில் எழுதி வாங்கினான். சாடியைக் குடைந்து முடித்ததும், மெலிந்த கையை உள்ளே விட்டு, தடவித் தடவி அடியில் அதை வெட்டினான். விரல்கள் கிழிந்தன.

"அந்தப் படுபாவிக்கா இப்படி மாஞ்சு மாஞ்சு உழைக்கிறீங்க?" என்று மனைவி நெபெத் எரிந்து விழுந்தாள்.

"யாருக்குன்னு சாடிக்குத் தெரியும். நீ போ."

வாங்க வந்த காஹெப் உள்ளே கைவிட்டுப் பார்த்தான். தின்று கொழுத்த கை சாடியின் கழுத்தோடு சிக்கிக்கொண்டது.

"ஏண்டா கழுத்து இத்தனை ஒடுக்கம்?"

"தண்ணி சீக்கிரம் வத்தாதுங்க ஐயா."

ஆற்றில் அடுத்த வருட வெள்ளம் வருவதற்குள் காஹெப் செத்தான். அடக்கத்தன்று பூசாரி சாடியை நிரப்பி, சாய்த்து வார்த்தார். வயிற்றுப் பக்கம் ஒரு சொட்டும் படவில்லை. அழுகிறவர்களுக்குப் பின்னால் நின்ற தெந்தி மெதுவாகச் சொன்னான்:

"குடிடா தம்பி. வயிறு முட்டக் குடி. அவன் பாத்துக்கிட்டே கெடக்கட்டும்."