மூன்று வாரம் வாய் திறக்கக் கூடாது

என் தலைக்கு மேலே குடியிருப்பவளைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தின் தளம் அப்பளம் மாதிரி. மேல் வீட்டில் ஒரு ஸ்பூன் விழுந்தால் கீழே எனக்குத் தூக்கிவாரிப் போடும். நானோ வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைக்கிறவள். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் அவள் வீட்டு நடப்பு மொத்தமும் என் காதில் வந்து கொட்டும். ஒட்டுக்கேட்கிற சிரமமே எனக்கு இல்லை.

கூடப் பிறந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. அவள் கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், காலை ஏழு மணிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். "நான் ஒரு நாளைக்கு முப்பது மாடி ஏறி இறங்கறேன், இவ முப்பதாயிரம் வார்த்தை பேசறா. ரெண்டு பேருக்கும் சாயங்காலம் ஒரே களைப்புதான்" என்பார். இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஐந்து வயது, பள்ளிக்கூடம் போகிறாள். சின்னவனுக்கு அப்போது இரண்டரை. கன்னம் இரண்டும் உப்பிக் கிடக்கும், அதனால் வீட்டில் உருண்டை என்றுதான் கூப்பிடுவார்கள்.

உருண்டைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. "மா", "பா", "இல்ல", "தா" என்று நாலு வார்த்தை. இன்னும் இரண்டு இருப்பதாக அவள் அடித்துச் சொல்வாள், அது அவள் காதுக்கு மட்டும்தான் புரியும். சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லியிருக்கிறாள்: "காது நல்லாத்தான் கேக்குது. நீங்க நாள் பூரா அவன்கிட்டப் பேசுங்க. என்ன வேலை செஞ்சாலும் அதைச் சொல்லிக்கிட்டே செய்ங்க."

ரேடியோவிடம் போய் நாள் பூரா பேசு என்று சொன்னால் கேட்க வேண்டுமா? மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். "அம்மா இப்ப உருளைக்கிழங்கு உரிக்கறேன். ஒண்ணு உரிச்சாச்சு. இது பெருசு. தோல் எங்க போச்சு? குப்பைக்குப் போச்சு!" துணி மடிக்கும்போது பேச்சு, தரை துடைக்கும்போது பேச்சு, பால் பொங்கும்போது இரண்டு மடங்கு சத்தமாகப் பேச்சு. கீழே இருந்தபடியே அன்றைக்கு அவள் எத்தனை கிழங்கு உரித்தாள் என்று நான் கணக்குச் சொல்வேன். ஐந்து மாதம் இப்படி. இதற்கு நடுவில் பெரியவளை அதட்டுவது, மாடி ஜன்னலிலிருந்து பால்காரரைக் கூப்பிடுவது, சின்னவனைத் தூங்க வைக்கப் பாடுவது எல்லாம் தனி.

குரல் முதலில் கரகரத்தது. பிறகு காலையில் எழுந்தால் மத்தியானம் வரை காற்றுதான் வந்தது. அப்படியும் நிறுத்தவில்லை. பெரியவள் சுவரில் கிரேயான் கிறுக்கிய ஒரு நாள் இவள் ஓங்கிக் கத்தினாள் பாருங்கள், அந்தக் கத்தல் பாதியில் அறுந்துபோனது எனக்குக் கீழே கேட்டது.

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "கடப்பாரை பிடிக்கிற கையில காய்ப்பு விழுமே, அது மாதிரி உங்க குரல் நாண்ல காய்ப்பு விழுந்திருக்கு. அதோட ரத்தமும் கட்டியிருக்கு. மூணு வாரம் வாயே திறக்கக் கூடாது. ரகசியம் பேசற மாதிரி கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் மோசம். மீறினா குரல் திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

"சின்னப் பையன் இருக்கான் டாக்டர், அவனுக்குப் பேச்சு..." என்று அவள் ஆரம்பித்தாள். டாக்டர் தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

அன்றிலிருந்து மேல் வீடு ஓய்ந்துபோனது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் இரண்டு நாள் எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு பட்டு ரவிக்கையின் கைத்தையல் முழுவதையும் முடித்துவிட்டேன். மேலே ஏறிப்போய் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவள் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் கை தட்டினால் வா என்று அர்த்தம், இரண்டு தட்டு தட்டினால் வேண்டாம். பெரியவள் தானாகவே மொழிபெயர்ப்பாளர் வேலையை எடுத்துக்கொண்டாள். அம்மா கண்ணை உருட்டினால் போதும், "அம்மா சொல்றாங்க, இன்னிக்கு ஒரு நாள் பல் தேய்க்க வேணாமாம்" என்று அப்பாவிடம் அறிவிப்பாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "பாருங்க, ஆமாங்கறாங்க!"

கடைக்காரர் நோட்டைப் பார்த்துவிட்டு, இவளுக்குக் காதும் கேட்காது என்று முடிவுகட்டி, "சர்க்கரை எவ்வளவூ?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அவளைப் பெற்றவள் வெளியூரிலிருந்து போன் செய்தாள். இவள் எடுத்து, பதிலுக்கு விரலால் போனைத் தட்டினாள். "என்னடி கோபம்? பேச மாட்டியா? நான் என்ன பண்ணிட்டேன்?" என்று அந்தப் பக்கம் அழுகை. மருமகன் இரவு வீட்டுக்கு வந்து போனில் விளக்கிச் சொல்லும்வரை அந்த அம்மா சாப்பிடவே இல்லையாம். அதற்கப்புறம் பேச முடியாதவளுக்குப் போன் எதற்கு என்று இவள் அதை வெளியே எடுத்துப்போவதையே விட்டுவிட்டாள்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாதது உருண்டைதான்.

காலையில் எழுந்ததும் அம்மா முகத்தைப் பார்ப்பான். பேச்சு வரும் என்று காத்திருப்பான். வராது. அவள் கிழங்கைத் தூக்கிக் காட்டுவாள், சிரிப்பாள், கையால் ஏதேதோ செய்வாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகர்ந்துபோவான். போனில் பழைய வீடியோ ஒன்றைப் போட்டு, அதில் தன் குரலைக் கேட்க வைத்தாள். அம்மா இங்கே உட்கார்ந்திருக்க, அம்மா குரல் டப்பாவுக்குள்ளிருந்து வந்தால் குழந்தை என்ன செய்யும்? பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத் தூரத் தள்ளினான். அப்பா வேலையிலிருந்து வந்து பேசலாம் என்றால் அதற்குள் தூங்கிவிடுவான். நர்ஸிடம் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். படித்துவிட்டு, "நீங்க பேசாம இருந்தா அவன் எப்படிம்மா பேசுவான்?" என்றாள் நர்ஸ். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இருந்த நாலு வார்த்தையில் "தா" முதலில் போனது. பிறகு "இல்ல." பதினோராம் நாள் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாளாம். உருண்டை தன் மரக் காரை மடியில் வைத்துக்கொண்டு அதனிடம் பேசிக்கொண்டிருந்தான். உதடு அசைகிறது, புருவம் ஏறி இறங்குகிறது, சத்தம் மட்டும் இல்லை. அம்மா மாதிரியே.

அன்று இரவு நோட்டில் கணவருக்கு எழுதினாள்: "நான் பேசிடறேன். என் குரல் போனாப் போகட்டும்." அவர், "போயிடுச்சுன்னா அப்புறம் எப்பவுமே அவனோட பேச முடியாதே" என்றார். அதுவும் சரிதான். இரண்டு பக்கமும் சரியாக இருந்தால் மனுஷி எந்தப் பக்கம் போவாள்? நோட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

பதினைந்தாம் நாள், பெரியவள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், உருண்டையைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். கூரை போட்ட பெரிய மார்க்கெட், நாலு வாசல். வெங்காயம் பொறுக்க அவன் கையை விட்டாள். பத்து நொடி இருக்கும். திரும்பினால் ஆள் இல்லை.

கூப்பிட வாய் திறந்தாள். டாக்டர் சொன்னது அப்போது ஞாபகத்திலேயே இல்லை. ஆனாலும் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டு வாரமாக அடக்கி அடக்கித் தொண்டைக்கு அதுவே பழகிப்போயிருந்தது. கை தட்டினாள். மார்க்கெட்டில் பத்து வியாபாரிகள் கை தட்டித்தான் ஆள் சேர்க்கிறார்கள், இவள் தட்டு யார் காதில் விழும்? ஓடினாள். நோட்டில் கிறுக்கினாள்: என் மகன், மஞ்சள் சட்டை, பார்த்தீங்களா? முட்டைக் கடைப் பெரியவரிடம் நீட்டினாள். அவர் நோட்டைக் கிட்டே வைத்தார், தள்ளி வைத்தார். "கண்ணாடி கொண்டு வரலியேம்மா. என்னன்னு வாயால சொல்லேன்."

அவள் என்னிடம் இதைச் சொன்னபோது, "அவரை அடிக்கலாம்னு இருந்துச்சுக்கா" என்றாள்.

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: "மஞ்சள் சட்டை போட்ட ஆண் குழந்தை, பேர் சொல்லத் தெரியல. பெத்தவங்க கிழக்கு வாசலுக்கு வரவும்." போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு இரைத்தது. மார்க்கெட் ஆபீஸ் பெண் ஒருத்தி இடுப்பில் உருண்டை இருந்தான், கையில் பிஸ்கட். அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டினான். இவளும் நீட்டினாள்.

அந்தப் பெண் ஒரு அடி பின்னால் போனாள். "நீங்க யாரு?"

இவள் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். நோட்டைத் தேடினாள். முட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"பேச மாட்டீங்களா? குழந்தையும் பேச மாட்டேங்குது, வாய் மட்டும் அசையுது. பாவம், ரெண்டு பேருமேவா?" என்றவள் செக்யூரிட்டியைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட கை நீட்டுதேன்னு எப்படிக் குடுக்கறது?" என்றார் செக்யூரிட்டி. "பிஸ்கட் காட்டினதும் எங்கிட்டயும்தான் நீட்டினான். கோவிச்சுக்காதீங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, திரும்பறானான்னு பாப்போம்."

ஆபீஸ் பெண் பேனாவோடு கொடுத்த ரசீதின் பின்பக்கத்தில், தொண்டைக்கு வைத்தியம், பேசக் கூடாது என்றும் கணவரின் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். அடித்துப் பார்த்தார்கள். அவர் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இருந்தார், லைன் போகவில்லை. மறுபடி அடித்தார்கள். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு. பன்னிரண்டரைக்குப் பெரியவளைக் கூட்டி வரவேண்டும். அவள் நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள். அவர்கள் மேல் தப்புச் சொல்லவும் முடியவில்லை. அவர்கள் இடத்தில் அவள் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள்.

பிஸ்கட் தீர்ந்தது. உருண்டை அழ ஆரம்பித்தான். முகம் சிவந்து, வாய் கோணி, கண்ணீர் வழிந்தது. சத்தம் இல்லை.

அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ கிழிந்தது. "உருண்டை! அம்மாடா! இங்க பாருடா!" என்று கத்தினாள். அது அவள் குரலே இல்லை, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது. அங்கே நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். உருண்டையும் பார்த்தான். பார்த்தவன் பயந்துபோய், அந்த ஆபீஸ் பெண்ணின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அதோடு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் காப்பாற்றியது முட்டைக் கடைக்காரர்தான். விட்டுப்போன நோட்டைக் கொடுக்க ஆள் தேடி வந்தவர், கூட்டத்தைப் பார்த்து எட்டிப் பார்த்தார். "அட, இது வாராவாரம் என்கிட்ட முட்டை வாங்கற பொண்ணு. புள்ளை அவளோடதுதான், எத்தனை தடவை பார்த்திருக்கேன்." உருண்டை அம்மா கைக்கு வந்தான். ஆபீஸ் பெண் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். பெரியவர், "அப்பவே சொல்லியிருந்தா ஆச்சேம்மா" என்றார்.

கத்தியதில் மறுபடி ரத்தம் கட்டிவிட்டது. டாக்டர் இன்னும் நாலு வாரம் என்றார்.

அப்போதுதான் நான் மேலே ஏறிப் போனேன். அவள் கணவர் வந்து நடந்ததைச் சொன்ன பிறகும் போகாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை. காலையில் இரண்டு மணி நேரம் உருண்டையை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். நான் பேசத் தெரிந்தவள் இல்லை. "இது நூல். இது பொத்தான், வாயில போடாதே" என்பதற்கு மேல் எனக்கு ஓடாது. அவன் என்னை நம்பாமல் பார்ப்பான். படிக்கட்டில் அவள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். என் பேச்சு போதாது என்பது அவள் முகத்திலேயே தெரியும், ஆனால் யாரிடம் போய்ச் சொல்வாள்?

குரல் திரும்பி வந்தது. பழைய குரல் இல்லை. தடித்து, அடங்கிய குரல். சத்தம் போட்டால் உடைகிறது, பாட்டு வருவதே இல்லை. அவள் பேசும்போது நான் மிஷினை நிறுத்திவிடுவேன், இல்லாவிட்டால் எடுபடாது. உருண்டை நாலு வயது ஆகப்போகும்போதுதான் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசினான். வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறாள்.

அங்கே பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் ஒரு நாள் கேட்டே விட்டாளாம். "அந்த ஆறு வாரம் நான் பேசாததாலதானா?"

"சொல்ல முடியாதும்மா. அதுக்கு முன்னாடியே அவனுக்குத் தாமதம்தானே. இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்."

"ஆமான்னு சொல்லியிருந்தாலாவது அழுது தீர்த்திருப்பேன்க்கா" என்றாள் என்னிடம். "இல்லைன்னு சொன்னா நிம்மதியா இருந்திருப்பேன். இது என்ன பதில்?"



போன வாரம் உருண்டை என் வாசலில் வந்து நின்றான். சட்டைக் கை கிழிந்திருந்தது. "அத்தை, இது... கி... கி..." என்று தொண்டையில் வார்த்தை சிக்கிக்கொண்டது. கிழிஞ்சிருச்சா என்று நான் கேட்கப்போனேன். பின்னால் படிக்கட்டில் நின்ற அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவனே சொல்ல வேண்டுமாம். நான் ஊசியைக் கையில் பிடித்தபடி இருந்தேன், அவள் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்தபடி நின்றாள். இரண்டு பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.