ஆயாத உமரி தேடி மரக்காணம்

என் தோழி கயல்விழி தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. உப்பளத்து உமரிச்செடியில் இரண்டு வகை இருப்பதாக அவளுக்குச் சந்தேகம். பூவைப் பார்க்காமல் உறுதி செய்ய முடியாது. போன வருடம் மழைக்குப் பிறகு போய், வரப்பெல்லாம் மூழ்கிக் கிடந்ததால் வெறுங்கையோடு திரும்பினாள். இந்த முறையும் தவறினால் ஆய்வேடு இன்னொரு வருடம் தள்ளிப்போகும். அதனால் ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். நான் வங்கி ஊழியை. பழைய செய்தித்தாள் தூக்கத்தான் என்னைக் கூட்டிப்போனாள்.

புதுச்சேரியில் காலை 5.20க்கு ஈசிஆர் பஸ். மரக்காணம் 35 கிலோமீட்டர், டிக்கெட் 45 ரூபாய், 6.25க்கு இறங்கினோம். உப்பளத்துக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது. "உப்பு வாங்கவா?" என்று டிரைவர் கேட்டார். "செடி பறிக்க" என்றதும் திரும்பி எங்களை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலை அக்கா வரப்பில் காத்திருந்தார். முதல் நாள் அவருக்குப் போன் செய்தது நான்தான். "உமரி ஒரு பை வேணும்க்கா" என்று சொல்லியிருந்தேன். பையை நீட்டினார். வேரை நறுக்கி, பூக்காத கொழுந்தாகக் கிள்ளி, தண்டைத் தள்ளி, அழகாக ஆய்ந்த கீரை! கயல் முகத்தில் ஈயாடவில்லை.

"கீரைன்னா ஆய்ஞ்சிதானே குடுப்பாங்க? கடையும்போது உப்புகூட போட வேணாம்" என்றார் அக்கா.

"எங்களுக்குப் பூதான்க்கா வேணும்" என்றாள் கயல், அழாத குறையாக.

"பூவா! அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பூத்தது நாரா இருக்கும், யாரும் தொடமாட்டோம். அந்தாண்ட அப்படியே நிக்குது, வாங்க."

பத்து நிமிட நடை. வரப்பு முழுக்க குண்டூசித் தலை அளவில் பச்சைப் பூக்கள். "இது வெயில்ல செவக்கும், அது செவக்காது. ரெண்டும் வேற" என்று அக்கா போகிறபோக்கில் சொன்னார். கயல் துள்ளிய துள்ளலில் ஒரு செருப்பு பாத்திக்குள் போய்விட்டது. எனக்கும் சொல்ல முடியாத சந்தோஷம்.

அக்கா வேரோடு பிடுங்கித் தந்த செடிகளைச் செய்தித்தாளுக்குள் பரப்பி அழுத்தினோம். காய்ந்ததும் கெட்டித் தாளில் ஒட்டி, விவரச்சீட்டோடு கல்லூரியில் பாதுகாப்பார்கள். அப்படிச் சேர்த்துவைத்த பழைய தாள்களில் பெண்கள் பறித்த செடிக்குக்கூட அவர்கள் பெயர் இருக்காது என்று கயல் அடிக்கடி பொருமுவாள். பேனாவை எடுத்து, விவரச்சீட்டில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் அஞ்சலை என்று எழுதப்போனாள்.

போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், நிழலே கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி அவசியம். உப்பளத்துக்காரரைக் கேட்காமல் வரப்பில் ஏறாதீர்கள். போனில் "வேரோடு, பூவோடு" என்று சொல்லுங்கள். செடி பறித்துத் தருபவரின் பெயரை அவரிடமே கேட்டு எழுதுங்கள். ஏனென்றால் அக்கா கயலின் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்:

"இந்தச் சீட்டு எத்தினி வருஷம் இருக்கும்?"

"நூறு வருஷத்துக்கு மேலயே இருக்கும்க்கா."

"அப்ப பாத்து எழுதும்மா. ரேஷன் கார்டுல அஞ்சலின்னு போட்டுட்டாங்க. 'லை', தெரியுதா? அஞ்சலை."