அப்பா மாற்றிய போட்டோ

ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கான ஒரு வெப்சைட்டில், ஆட்களின் விவரங்களைத் திருத்தும் பக்கத்தை எழுதுவதுதான் அப்போது என் வேலை. போடியில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடியே செய்வேன். போன் நம்பரை மாற்றினால் போன் நம்பர் மட்டும்தான் சர்வருக்குப் போக வேண்டும். பக்கத்தை முழுசாக அனுப்பினால் வம்பு. முன்பே பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவர் சேமித்ததும், அதிலிருக்கும் பழைய விவரங்களும் சேர்ந்து போய், நடுவில் மற்றவர் மாற்றியதெல்லாம் அடிபட்டுப்போகும்.

அப்பா என்னை ஒரு வரன் தேடும் வெப்சைட்டில் பதிந்திருந்தார். 'திருமணத்துக்குப் பின் வேலை' என்ற கட்டத்தில், 'விட்டுவிடுவார்' என்று அவராகவே போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"கெடந்துட்டுப் போகட்டும் ஆத்தா. அப்பத்தான் நாலு பேரு வருவாக."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டு இன்னொரு வீட்டு அடுப்படிக்குள் போவதை நினைத்தாலே மூச்சு முட்டியது. பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தவளே நான்தானே! அன்றைக்கே உள்ளே போய் 'தொடர்வார்' என்று மாற்றினேன். அப்பாவோடு மல்லுக்கட்டுவதைவிட இது சுலபமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிலமலையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபியை வாங்கிக்கொண்டே, "வேலைய விட்டுர்றதா போட்டிருந்துச்சு. காலையில அதப் பாத்துட்டுத்தான் வெரசா கெளம்பி வந்தோம்" என்றார்.

"நீங்களாப்பா மாத்துனீக?" என்று மெல்லக் கேட்டேன்.

"நேத்து போட்டோ மட்டுந்தான் மாத்துனேன். சேலை கட்டுன போட்டோ. வேற ஒண்ணையும் தொடலையே."

அவர் பொய் சொல்லவில்லை. போனில் எதையும் மூடுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. நான் திருத்துவதற்கு முன்பே திறந்த பழைய பக்கத்திலேயே போட்டோவை மாற்றிச் சேமித்திருக்கிறார். அந்த வெப்சைட்டும் பக்கத்தை முழுசாக அனுப்பியிருக்கிறது. நான் மாற்றியது போயே போய்விட்டது. கோபித்துக்கொள்ளக்கூட அந்த அறையில் எனக்கு ஆள் இல்லை. எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்.

வாயைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"இல்லங்க, நான் வேலைய விடமாட்டேன்" என்றேன்.  எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அப்பா உரக்கச் சிரித்தார். "சின்னப்புள்ள, வெளையாட்டுக்குச் சொல்லுது. நாங்க சொன்னாக் கேட்டுக்கிரும்."

அவர்களும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி, தட்டு மாற்றுவதற்கு நாள் பார்க்க ஆரம்பித்தார்.