போல்டர் திறக்கும் வரை

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் ஒரு பழக்கம். லாரியில் ஏற்றும் முன் ஒவ்வொரு வார்ப்பின் மேலும் சாக்பீஸால் நம்பர் எழுதி, போனில் படம் எடுத்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரே போல்டரில் கொட்டிவிடுவோம். படத்துக்குப் பெயர் வைக்கிற வேலையே கிடையாது. தேட வேண்டுமானால், வரிசையாகத் தெரியும் சின்னப் படங்களில் அந்தச் சாக்பீஸ் நம்பரைக் கண்ணால் பிடிக்க வேண்டும்.

ஒரு நாள் காலை, சரக்கு வாங்கிய கம்பெனியிலிருந்து மெயில். ஒரு வார்ப்பில் விரிசலாம். அதைச் சோதித்து அனுப்பியவள் செக்கிங்கில் இருந்த காண்டிராக்ட் பெண். "பன்னெண்டு மணிக்குள்ள படத்த காட்டு. இல்லன்னா நாளையிலருந்து வராத" என்று மேனேஜர் அவளிடம் சொல்லிவிட்டார்.

அவள் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். போல்டரைத் திறந்தேன். மேலே பச்சைக் கோடு ஊர்ந்துபோய்ப் பாதியில் நின்றது.

"இன்னாண்ணா இது, ரயில் கேட்டு போட்ட மாரி நிக்குது?"

வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன். மணி பதினொன்று தாண்டியிருந்தது. இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை நானே நோண்டி நோண்டிக் கற்றவன். ஆயிரக்கணக்கான படங்களுக்கும் சின்னப் படம் தயார் செய்வதால்தான் திணறுகிறது என்று தோன்றியது. செட்டிங்கில் போய், சின்னப் படம் வேண்டாம், ஐகான் போதும் என்று டிக் போட்டேன். படங்களுக்கான போல்டர் என்றிருந்ததைப் பொதுவானது என்று மாற்றினேன். திறந்தேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது.

வந்தது என்ன? ஒரே மாதிரி ஐகான்கள், அவற்றின் கீழே போன் தானாக வைத்த நீள நீளமான எண்கள்.

"ஐயோ, படமெல்லாம் எங்கண்ணா? அழிச்சிட்டியா?"

"எங்கயும் போவலம்மா" என்றேன். ஒன்றைத் திறந்து பார்த்தேன். படம் இருந்தது. ஆனால் சாக்பீஸ் நம்பரை இனி எப்படித் தேடுவது? பழையபடி மாற்றினால் மறுபடியும் ரயில் கேட்டு விழுந்துவிடும்.

"நீ எந்த நாள் எடுத்தே?"

"பெரியபாளையம் போறதுக்கு லீவு போட்டேன்ல, அதுக்கு மொத நாளுண்ணா. கடைசி லோடு."

தேதிவாரியாக அடுக்கச் சொன்னேன்; உடனே அடுக்கிக் கொடுத்தது. அந்த நாளின் படங்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். இது இல்லை. இதுவும் இல்லை. அவள் மூச்சு என் காதருகே கேட்டுக்கொண்டே இருந்தது.

"நில்லுண்ணா! இதான்!"

நாலு பக்கமும் எடுத்திருந்தாள். விரிசல் எங்கேயும் இல்லை. மேனேஜர் வந்து பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மெயில் பண்ணு" என்றார் என்னிடம்.

"சார், நாளைக்கு வரட்டுமா?"

"வராம? செக்கிங்ல வேற யாரு கீறா?"

அவர் போனதும் மெயிலை அனுப்பப் போனேன். "இருண்ணா" என்று என் கையைத் தடுத்தாள். படத்திலிருந்த சாக்பீஸ் நம்பரை ஒவ்வோர் இலக்கமாகத் திரையில் தொட்டு இன்னொரு முறை படித்த பிறகுதான் விட்டாள்.